முதுகில் ஏறியது

சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கணவனின் முதுகுப்பையை நகர்த்தப் போன ரூபினி சட்டென்று கையை எடுத்தாள். பட்டைகள் சூடாக இருந்தன. யாரோ இப்போதுதான் தோளிலிருந்து கழற்றி வைத்தது போன்ற உடம்புச் சூடு.

யுகேந்திரன் அதைத் தொடவேயில்லை. காலையிலிருந்து குனிந்தபடி முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

இருவரும் சிங்கப்பூர் வேலையை விட்டாயிற்று, வாடகை வீட்டையும் காலி செய்தாயிற்று. நேப்பாளத்தில் தொடங்கி ஓராண்டு ஊர் சுற்றுவதாகத் திட்டம். சுமந்து பழகுவதற்காகப் போன ஞாயிறு, உலு திராமுக்குப் பின்னாலுள்ள செம்பனைத் தோட்டத்தில் பைகளோடு நடந்தார்கள். மழை பிடித்துக்கொண்டதால் தோட்டத் தொழிலாளர்கள் ஒருகாலத்தில் குடியிருந்த, ஆளில்லாத பழைய லயத்தில் ஒதுங்கி, கதவில்லாத இருட்டறை ஒன்றில் பைகளை வைத்தார்கள். திரும்பும்போதே யுகேந்திரன் கூன் விழுந்தவன்போல நடந்தான்.

"அந்த பேக் வேணாங்க. வேற வாங்கிக்கலாம்."

"துணிதான் ரூபி இருக்கு. சும்மா பயப்படாத லா."

விமான நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில், மழையின் இரைச்சலுக்கும் இன்ஜின் உறுமலுக்கும் அடியில், சாமான் அடுக்கியிருந்த கீழ்த்தட்டிலிருந்து நகத்தால் தகரத்தை மெல்ல மெல்லச் சுரண்டுவது போன்ற ஒலி அவள் பாதங்களுக்குக் கீழே வந்துகொண்டேயிருந்தது. அழுகிய செம்பனைப் பழத்தின் புளித்த வாடை. வேறு யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை.

யோங் பெங் ஊர் வந்ததும் பஸ் பழுதாகி நின்றது. அடுத்த பஸ்ஸுக்கு மாறும்படி டிரைவர் சொல்ல, எல்லோரும் தத்தம் சாமான்களோடு மழையில் இறங்கினார்கள். அந்தி மங்கிக்கொண்டிருந்தது. ரூபினி தன் பையை மாட்டிக்கொண்டு அவன் கையைப் பிடித்தாள்.

"இங்கயே விட்டுட்டு வாங்க. பாஸ்போர்ட் என்கிட்டதான் இருக்கு. கெஞ்சிக் கேக்குறேன்."

யுகேந்திரன் பையைத் தூக்கிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"லேசாயிடுச்சு ரூபி. தூக்குற மாதிரியே இல்ல."

நிமிர்ந்த முதுகோடு அவன் முன்னால் நடந்தான். பல நாளைக்குப் பிறகு அவனை அப்படிப் பார்த்ததில் அவளுக்கும் மூச்சு வந்தது. பின்தொடர்ந்தாள்.

அவன் பையின் வாய் திறந்திருந்தது. பல்லில்லாமல் கிழிந்த ஜிப். உள்ளே துணிகள் மட்டும்.

வாடை இப்போது நெருங்கியிருந்தது. மிக நெருங்கி.

அவள் தோள்கள் தாழ்ந்தன. முழங்கால் மடங்கியது. பட்டைகள் சதையில் இறங்கின.

"ஏங்க..."

அவன் திரும்பினான். அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே பார்த்தான்.

காதோரம் சூடான மூச்சு.

ரூபினி அசையவில்லை. குனிந்து தன் நெஞ்சை மட்டும் பார்த்தாள். தோள்களுக்கு மேலாக இரண்டு சின்னஞ்சிறு கைகள் நீண்டு வந்தன. நகக்கண்ணெல்லாம் செம்மண். அவை அவள் கழுத்தைச் சுற்றி, ஒன்றையொன்று தேடிப் பிடித்து, விரல்களை இறுகக் கோத்துக்கொண்டன.