பெண்கள் வார்டில் காயாத கை

தேவிப்ரியா அழுத்திய அழுத்தில் அழைப்புமணி இனிமேல் அடிக்குமா என்பதே சந்தேகமாகிவிட்டது. கதவு திறந்ததும் உள்ளே வந்தவள் உட்காரவில்லை.

"சார், என்னை வேலைய விட்டுத் தூக்கப் போறாங்க. நான் கை சுத்தம் பண்ணலையாம். நானு! அந்த ஆஸ்பத்திரியில கை கழுவுங்க, கை கழுவுங்கன்னு கத்திக் கத்தித் தொண்டை போனவளே நான்தான் சார்."

வேங்கிக்காலில் குடியிருந்த கோதண்டராமன், மருத்துவக் கல்லூரியில் கிருமியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எந்த மருத்துவமனையிலாவது தொற்று பரவி, காரணம் பிடிபடாமல் போனால் அவரைத் தேடி வருவார்கள். தேவிப்ரியாவை அழைத்து வந்தவன் அவருடைய பழைய மாணவன் விமல்ராஜ். அவளோடு அதே மருத்துவமனையில் ஆய்வக வேலை பார்க்கிறான்.

"முதல்ல தண்ணி குடிங்க. அப்புறம் சொல்லுங்க" என்றார் கோதண்டராமன்.

செங்கம் சாலையில் டாக்டர் தசரதன் நடத்தும் சிறிய மருத்துவமனை அது. கார்த்திகை பிறந்ததிலிருந்து பெண்கள் வார்டில் அறுவைக் காயங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீழ் பிடித்தன. ஆண்கள் வார்டில் ஒருவருக்கும் இல்லை. அடி அண்ணாமலையில் இட்லிக்கடை வைத்திருக்கும் மணியம்மாளுக்குக் குடலிறக்கத்துக்குப் போட்ட தையல் பிரிந்து, காய்ச்சல் எந்த மருந்துக்கும் இறங்கவில்லை. தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பான நர்ஸ் தேவிப்ரியா என்பதால் பழி அவள் தலையில் விழுந்தது. மணியம்மாளின் கணவர் நேற்று வராந்தாவில் எல்லோர் முன்பும் அவளைக் கொலைகாரி என்று திட்டியிருந்தார்.

"நான் எல்லாத்தையும் சோதிச்சுட்டேன் சார்" என்று விமல்ராஜ் ஆவலாக ஆரம்பித்தான். "தண்ணிக் குழாய், கத்தி, கட்டில், துணி, ஒண்ணுலயும் கிருமி இல்ல. கேமராவும் பாத்தேன். டிரெஸ்ஸிங் டிராலிகிட்ட வந்த ஒவ்வொருத்தரும் சானிடைசர் போட்டுத் தேய்ச்சிருக்காங்க. அக்காவும்தான்."

"அப்ப பழி ஏன் இவங்க மேல?"

"பெரிய டாக்டர் மேல போட முடியுமா சார்?"

மறுநாள் காலை கோதண்டராமன் மருத்துவமனைக்கு வந்தார். கார்த்திகை தீபக் கூட்டத்துக்காகப் போலீஸ் சாலையை மறித்திருந்ததால் அவருடைய ஆட்டோ ஊரைச் சுற்றி வந்து சேர்வதற்குள் தேவிப்ரியா வாசலுக்கும் வார்டுக்கும் நடந்து அலுத்திருந்தாள்.

டாக்டர் தசரதன் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக எதிரே வந்தார். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். பின்னால் ஸ்டோர் பொறுப்பாளர் சின்னசாமி கைகட்டி நின்றார்.

"சாமி சரணம். வாங்க சார். இங்க ஒரு குறையும் வெக்கல. ஸ்டாஃப் கை சுத்தமா இல்லன்னா நான் என்ன பண்றது?"

தேவிப்ரியா பல்லைக் கடித்துக்கொண்டாள். மணியம்மாளுக்குக் கட்டு மாற்ற டிராலியைத் தள்ளிப் போனாள். நீலநிற சானிடைசர் பாட்டிலை அழுத்தி, கையைத் தேய்த்து, கையுறையை இழுத்தாள். பாதி விரலில் ஒட்டிக்கொண்டு கிழிந்தது.

"இது வேற! மாலை மாசம் பொறந்ததுலேர்ந்து இதே ரோதனை. மட்டமான கிளவுஸ் வாங்கி வெச்சிருக்காங்க."

கட்டு மாற்றி முடிந்ததும் கோதண்டராமன் அவளையும் விமல்ராஜையும் கூட்டிக்கொண்டு ஆண்கள் வார்டுக்குப் போனார். அங்கிருந்த நர்ஸ் கையைத் தேய்த்துக் கையுறையை மாட்டினாள்; அது வழுக்கிக்கொண்டு ஏறியது.

"ரெண்டு வார்டுக்கும் ஒரே கிளவுஸ் பெட்டியா?"

"ஒரே பெட்டிதான் சார்."

அவர் முகம் மலர்ந்தது. தேவிப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷி காய்ச்சலில் முனகிக்கொண்டிருக்கிறாள், இவர் கையுறையை ஆராய்கிறார்.

"விமல், அந்த நீல பாட்டில்ல இருக்கறதை வளர்த்துப் பாரு."

"கிருமியைக் கொல்ற மருந்துல போய்க் கிருமி தேடறதா சார்?"

"நீ அங்க மட்டும்தானே தேடல."

சோதனை முடிவு தெரிந்த அன்று கோதண்டராமன் விமல்ராஜோடு மருத்துவமனைப் பின்கட்டில், துணி துவைக்கும் கல் அருகே நின்று, டாக்டரையும் சின்னசாமியையும் தேவிப்ரியாவையும் வரச் சொன்னார். கல்மேல் இரண்டு எவர்சில்வர் தட்டுகள் இருந்தன.

"இது ஆண்கள் வார்டு சானிடைசர்." சில சொட்டு விட்டுத் தீக்குச்சியைக் காட்டினார். பக்கென்று நீலமாக எரிந்தது. "இது பெண்கள் வார்டு." இரண்டாம் தட்டில் குச்சி புஸ்ஸென்று அணைந்தது.

சின்னசாமியின் தலை கவிழ்ந்தது.

"ஒரே கிளவுஸ் அங்க வழுக்குது, இங்க ஒட்டுது. அப்ப கோளாறு கிளவுஸ்ல இல்ல, கையில. ஸ்பிரிட் இருந்தா கை உடனே காஞ்சிடும். இங்க கை காயவே இல்ல. மாஸ்க்கும் ஃபினாயில் நெடியும் இருக்கறதால வாசனை யாருக்கும் தெரியல. எப்ப ஆரம்பிச்சுது? கார்த்திகையில. எங்க? பெரிய டாக்டரே கட்டு மாத்துற வார்டுல. சின்னசாமி, நீங்களா ஊத்தினீங்க?"

"டாக்டர் சாமிதான் சொன்னாருங்க. மாலை போட்டிருக்கேன், ஸ்பிரிட்டும் சாராயந்தான், கையில படக்கூடாது, டிராலியில வேற ஏதாவது வைன்னாரு. கத்தாழை ஜெல்லு ஊத்தினேன். பாத்தவங்க கேப்பாங்கன்னு அதே பாட்டில்லயே ஊத்திட்டேங்க."

"ஜெல்லுல பாட்டில் பூரா கிருமி சார்! மணியம்மா புண்ணுல இருக்கற அதே கிருமி" என்றான் விமல்ராஜ். "அதுக்குக் கேக்கற மருந்தும் கண்டுபிடிச்சாச்சு. காலையில ஏத்திட்டாங்க."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சுத்தம் செய்கிறோம் என்று தேய்த்த ஒவ்வொரு முறையும் கிருமியைத்தான் பூசிக்கொண்டோமா? தேவிப்ரியாவுக்குத் தன் கைகளைப் பார்க்கவே கூசியது.

"எனக்கு மட்டும்தான் அந்த பாட்டில்னு நெனைச்சேன்" என்றார் தசரதன். குரல் இறங்கியிருந்தது. "டிராலி எல்லாருக்கும் பொதுன்னு தோணவே இல்ல."

"நானும் ஒருகாலத்துல மாலை போட்டவன்தான் டாக்டர். மருந்து சாராயம் ஆகாது. அப்படியும் மனசு ஒப்பலன்னா சோப்பும் தண்ணியும் இருக்கே. அதுக்கு எந்த விரதம் தடை?"

தசரதன் தேவிப்ரியாவிடம் திரும்பினார். "உங்க மேல எடுத்த நடவடிக்கைய வாபஸ் வாங்கிடறேன். இதை இத்தோட விட்டுடலாமே."

"எப்படி சார் விடறது? மணியம்மாவுக்கும் அவங்க வீட்டுக்காரருக்கும் யார் சொல்றது? அவங்க கண்ணுக்கு இன்னும் நான்தானே கொலைகாரி?" அத்தனை நாளும் விழுங்கிய கோபம் கண்ணில் நீராக வந்ததில் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

தசரதன், "நானே சொல்றேன்" என்றார்.

எல்லோரும் பின்தொடர வார்டுக்கு நடந்தார். மணியம்மாள் கண் திறந்து படுத்திருந்தாள். கணவர் எழுந்து கும்பிட்டார். டாக்டர் கட்டிலருகே போய், பழக்கத்தில் கட்டைப் பார்க்கக் கை நீட்டினார்.

"டாக்டர், கை!" என்றாள் தேவிப்ரியா.

நீட்டிய கை அப்படியே நின்றது. அந்த மருத்துவமனையில் அவரிடம் அப்படிச் சொன்னவர் எவருமில்லை. தசரதன் திரும்பி மூலையிலிருந்த குழாயடிக்குப் போய், சோப்பை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார்.

தேவிப்ரியா பக்கத்தில் போய் நின்று பார்த்தாள்.

"விரல் இடுக்கு விட்டுப்போச்சு சார்."