சோறு பள்ளத்துப் பக்கம்

அந்தச் சைக்கிளைக் கண்டாலே சம்பூர்ணத்துக்கு வயிறு எரிந்தது.

அது ஒன்றும் அழகான சைக்கிள் இல்லை. பொன்னேரியிலிருந்து மாற்றலாகிப் போன ஒரு நர்சம்மா விற்றுவிட்டுப் போனது. மட்கார்டு முழுக்கத் துரு. மணியை அழுத்தினால் அடிக்காது, இருமும். குறுக்குக் கம்பி இல்லாத பெண்கள் சைக்கிள் என்றுகூடப் பார்க்காமல், மலிவாகக் கிடைக்கிறதே என்று தணிகாசலம் மாமா வாங்கி வந்துவிட்டார். பிறகு தெருக்கோடி அரிசி மில்லிலேயே அவருக்கு வேலை கிடைத்ததால் சைக்கிள் வாசலில் சும்மா நின்றது.

தணிகாசலம் மாமா சம்பூர்ணத்தின் அம்மாவுக்கு அண்ணன். வாலிப வயதில் கப்பலேறிப் பர்மாவுக்குப் போனவர், எழுபத்திரண்டாம் வருஷக் கோடையில் மனைவி, மகளோடு திரும்பி வந்து தங்கை வீட்டிலேயே தங்கியிருந்தார். மகள் குணசுந்தரி பிறந்தது, வளர்ந்தது, சைக்கிள் பழகியது எல்லாமே ரங்கூனில். மாமாவுக்கு இது சொந்த ஊர். அவளுக்கு இதுதான் அயல்நாடு.

குணசுந்தரிக்கும் சம்பூர்ணத்துக்கும் ஒரே வயது, பதினொன்று. அதுதான் வம்பாகப் போயிற்று. யார் வந்தாலும் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். குணசுந்தரி ஏதோ ஒரு மரப்பட்டையை அரைத்துச் சந்தனம் போலக் கன்னத்தில் பூசிக்கொண்டாள். தெருவே வந்து முகர்ந்து பார்த்தது. பர்மா மொழியில் ஒன்று, இரண்டு எண்ணினாள்; தண்ணீருக்கு வந்தவர்கள் குடத்தை மறந்து நின்றார்கள். சம்பூர்ணத்துக்கும் ஒன்று, இரண்டு தெரியும். அதை யார் கேட்டார்கள்?

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். சாப்பாட்டுத் தூக்கு கைமாறியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சம்பூர்ணத்தின் அப்பா துலுக்காணம் கொத்தனார். கும்மிடிப்பூண்டி போகும் பெரிய ரோட்டோரம் புதிதாகக் கம்பெனி கட்டும் இடத்தில் அவருக்கு வேலை. விடுமுறை நாட்களில் அவருக்கு மத்தியானச் சோறு கொண்டு போவது இரண்டு வருஷமாகச் சம்பூர்ணத்தின் பொறுப்பு. இரண்டு மைல் நடை. கால் சுடும். ஆனாலும் அவள் ஒரு நாள்கூட முணுமுணுத்ததில்லை.

காரணம், கடைசி உருண்டை. சாப்பிட்டு முடிக்கும்போது அப்பா தூக்கிலிருக்கும் குழம்பை வழித்து, உள்ளே கருவாட்டுத் துண்டு ஒன்றை வைத்து, ஒரு உருண்டை பிடித்து அவள் கையில் கொடுப்பார். வீட்டில் அதே சோறு பானை நிறைய இருந்தாலும் அந்த ருசி அதில் இருக்காது.

"கொழந்த எதுக்கு வெயில்ல நடக்கணும்? குணா சைக்கிள்ல போனா சோறு ஆறாம போவும்," என்றாள் அம்மா கங்கம்மாள் ஒரு நாள்.

அவ்வளவுதான். தூக்கு சைக்கிளில் ஏறிவிட்டது.

முதல் நாள் குணசுந்தரி திரும்பி வந்ததும் சம்பூர்ணம் ஓடிப்போய்த் தூக்கைத் திறந்தாள். அப்பா உருண்டையை உள்ளே வைத்து அனுப்பியிருப்பார் என்று நம்பியிருந்தாள். தூக்கு காலி. கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது.

"பாத்தியா, பாத்திரத்தக் கழுவியே எடுத்துக்கினு வருது. பொண்ணுன்னா இப்டி இருக்கணும்," என்றாள் அம்மா.

பத்து நாளும் பளபளத் தூக்குதான். அப்பா தன்னை மறந்துவிட்டார் என்று சம்பூர்ணம் முடிவு கட்டிவிட்டாள். வாய்விட்டுக் கேட்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

போதாததற்கு, வழியிலிருக்கும் பம்புசெட்டுச் செவலை நாய் வேறு. அது தினமும் குணசுந்தரியின் சைக்கிளுக்குப் பின்னாலேயே வீட்டு வாசல்வரை ஓடிவந்து வாலாட்டியது. இரண்டு வருஷம் அந்த வழியில் நடந்தவள் சம்பூர்ணம். அவளைப் பார்த்தால் அந்த நாய் குரைக்கத்தான் செய்யும்.

பதினோராம் நாள் சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்ததும், "இன்னா கங்கம்மா, இன்னிக்குக் கொழம்பு பாதிதான் இருந்துச்சு," என்றார்.

"கை தவறிக் கொட்டிட்டேன் மாமா," என்றாள் குணசுந்தரி. சொல்லும்போதே முழங்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அங்கிருந்த சிராய்ப்பு சம்பூர்ணத்தின் கண்ணுக்குத் தப்பவில்லை.

மறுநாள் சைக்கிள் கிளம்பியதும் சம்பூர்ணம் அறுவடை முடிந்த வயல்களுக்குக் குறுக்கே ஓடி, பெரிய ரோட்டு முனையில் ஒரு வேலமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

குணசுந்தரி முனையில் இறங்கி நின்று, உதட்டை அசைத்து ஏதோ சொல்லிக்கொண்டாள். பிறகு ஏறி இடப்பக்கமாகவே போனாள். கொஞ்ச தூரம்தான். முன்னால் போன மாட்டுவண்டியைத் தாண்டியதும் சைக்கிள் வலது ஓரத்துக்குப் போய், அங்கேயே ஓட ஆரம்பித்தது.

எதிரே செங்கல் லாரி வந்தது. ஹாரன் அலறியது. குணசுந்தரி சைக்கிளோடு பள்ளத்தில் இறங்கி விழுந்தாள்.

"யம்மா, கண்ணு இன்னா பொடனியிலயா கீது? எந்தப் பக்கம் போவணும்னு தெரியாதா?" டிரைவர் திட்டிவிட்டுப் போனார்.

சம்பூர்ணத்துக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சைக்கிள் நின்றுவிடும். தூக்கு பழையபடி தன் கைக்கு வந்துவிடும்.

ஆனால் குணசுந்தரி எழுந்ததும் தன் முழங்காலைப் பார்க்கவில்லை. தூக்கைத் திறந்து சோற்றைத்தான் பார்த்தாள். சம்பூர்ணம் மரத்தை விட்டு வெளியே வந்தாள்.

"அடி பட்டுச்சா?"

குணசுந்தரி திடுக்கிட்டாள். "யார்கிட்டயும் சொல்லாத சம்பு. ரங்கூன்ல எல்லா வண்டியும் வலப்பக்கம்தான் போகும். நான் சைக்கிள் கத்துக்கிட்டதே அப்படித்தான். இங்க இடப்பக்கம், இடப்பக்கம்னு சொல்லிக்கிட்டேதான் வர்றேன். ஏதாவது குறுக்க வந்தா அது மறந்துபோகுது. கை அதுபாட்டுக்குப் பழைய பக்கம் போயிடுது."

"அப்ப சைக்கிள உட்டுடு. நான் நடந்தே எடுத்துக்கினு போறேன்."

"அதையும் விட்டுட்டா இந்த ஊர்ல எனக்கு என்ன இருக்கு? எனக்குக் களி கிண்டத் தெரியல. வரப்புல நடந்தா விழறேன். எந்தச் சந்து எங்க போகுதுன்னு தெரியல. உனக்கு எல்லாம் தெரியும். உன்னைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு."

பொறாமை தனக்கு மட்டுமே சொந்தம் என்று சம்பூர்ணம் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்ல மாட்டேன் போ," என்றாள்.

அவள் சொல்லவில்லை. ஆனால் உள்ளுக்குள் வேறொரு கணக்கு ஓடியது. நான் எதற்குச் சொல்ல வேண்டும்? நாளைக்கு மறுபடி விழுவாள். தானாகவே எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

மறுநாள் மத்தியானம் குணசுந்தரி வழக்கம்போலத் தூக்கை வலது கைப்பிடியில் மாட்டினாள். தூரத்தில் ஒரு லாரியின் ஹாரன் கேட்டது. இன்றைக்கும் குழம்பு மட்டும்தான் கொட்டும் என்று யார் சொன்னது? சம்பூர்ணம் ஓடிப்போய்ச் சைக்கிளுக்கு முன்னால் நின்றாள்.

"இரு குணா." அவள் தூக்கைக் கழற்றி இடது கைப்பிடியில் மாட்டினாள். "எடப்பக்கம், வலப்பக்கம் எல்லாத்தையும் மறந்துடு. ரோட்டோரத்துல இன்னா கீது?"

"பள்ளம்."

"நடுவுல?"

"லாரி."

"சோத்துக்கு லாரின்னா பயம். அதனால அது எப்பவும் பள்ளத்துப் பக்கமாத்தான் போவும். நீ சோத்த மட்டும் பாத்துக்க."

குணசுந்தரி யோசித்தாள். "திரும்பி வரும்போது?"

"அப்பவும் அதே கையிதான். வெறுந்தூக்குக்கும் பயந்தான்."

குணசுந்தரி மனத்துக்குள்ளேயே கம்பெனிவரை போய்த் திரும்பி வந்து பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. "நீயும் பின்னால உக்காந்து வாயேன்," என்றாள்.

முதலில் அரிசி மில் களத்தில் நாலு சுற்றுச் சுற்றினார்கள். "சோறு ஊர்கோலம் போவுதா? உங்க நைனா அங்க பசியோட உக்காந்துகினு இருப்பாரு," என்று அம்மா வாசலிலிருந்து கூப்பிட்ட பிறகுதான் பெரிய ரோட்டுக்குத் திரும்பினார்கள்.

மாட்டுவண்டி வந்தது. அதைத் தாண்டியதும் கைப்பிடி லேசாக ஆடியது. சம்பூர்ணம் கேரியரில் இருந்தபடி, "சோறு," என்றாள். சைக்கிள் பள்ளத்துப் பக்கம் வந்தது. எதிரே வந்த லாரி அதுபாட்டுக்கு அந்தப் பக்கமாகப் போயிற்று. பம்புசெட்டிலிருந்து செவலை நாய் சேர்ந்துகொண்டது.

செங்கல் அடுக்கின் நிழலில் அப்பா உட்கார்ந்திருந்தார். "இன்னா, இன்னிக்கு ரெண்டு பேரா," என்று சிரித்தார். ஒரு சொட்டுக் குழம்பு சிந்தவில்லை. வயிறாரச் சாப்பிட்டார். கடைசியில் குழம்பை வழித்தார், கருவாட்டை உள்ளே வைத்தார், உருண்டை பிடித்தார். பிடித்த உருண்டையைத் தூக்குக்குள் வைத்து மூடினார்.

உடனே நெற்றியில் தட்டிக்கொண்டு மூடியைத் திறந்தார். "ஆளே எதிர்ல உக்காந்துகினு கீது, நான் பாரு. இந்தா சம்பூர்ணம். தெனம் அனுப்புறேனே, ஊடு வந்து சேர்றதுக்குள்ள காஞ்சு போவுதா?"

"தெனமா?" என்றாள் சம்பூர்ணம்.

"பின்ன? உனக்கு வெக்காம என்னிக்குத் துன்னுகீறேன்?"

குணசுந்தரி வாயைப் பொத்திக்கொண்டாள். "அது சம்புவுக்கா? மிச்சம்னு நெனச்சேன் மாமா. எங்க வீட்டுல பாத்திரத்தைக் கழுவித்தான் திருப்பித் தருவோம். அதனால தெனமும் பம்புசெட்டுல அந்த உருண்டைய..."

அவள் நாயைப் பார்த்தாள். மற்ற இருவரும் நாயைப் பார்த்தார்கள். நாய் உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு உருண்டை. பன்னிரண்டு கருவாட்டுத் துண்டு. அந்த வால் எதற்காக அப்படி ஆடியது என்று சம்பூர்ணத்துக்கு இப்போதுதான் புரிந்தது. கோபப்படத்தான் நினைத்தாள். ஆனால் அப்பா ஒரு நாளும் மறக்கவில்லை என்ற நினைப்பு முந்திக்கொண்டது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்பா ஏற்கெனவே புரையேறும் அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சம்பூர்ணம் உருண்டையை இரண்டாகப் பிட்டுப் பாதியைக் குணசுந்தரியிடம் கொடுத்தாள். "துன்னு பாரு. தெரியாம எத்தக் கொட்டினன்னு தெரிய வேணாமா?"

குணசுந்தரி தின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். "நாய்க்கு நல்ல யோகம்," என்றாள்.

நாய் முனகியது. சம்பூர்ணம் தன் பங்கிலிருந்து ஒரு கருவாட்டுத் துணுக்கைக் கிள்ளி அதன் முன்னால் போட்டாள். "இந்தா, உனக்கும் பழகிப்போச்சு."

திரும்பும்போது வெறுந்தூக்கு பள்ளத்துப் பக்கமாகவே கணகணவென்று ஆடிக்கொண்டு வந்தது. செவலை நாய் பின்னால் ஓடிவந்தது. கேரியரில் உட்கார்ந்திருந்த சம்பூர்ணத்தைப் பார்த்து, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, வாலை ஆட்டியது.