மிதிக்காமல் போன தூரம்

காலை ஆறரை மணிக்கு ஏழாம் குடிலில் பாதி வீடுகளில் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருப்பார்கள். பக்தி ஒன்றும் இல்லை. முந்தின நாள் உடலுழைப்பு குறைந்துபோனவர்களுக்கு வாசற்கதவு திறக்காது, அவ்வளவுதான். தொடைக்குள் அரிசியளவில் பொதித்து வைத்திருக்கும் தசைமானி கதவோடு பேசும். குறையை நிரப்பினால்தான் கதவு விலகும்.

செவ்வாயில் மனித உடம்பின் எடை, பூமியில் இருந்ததில் பாதிகூட இல்லை. சும்மா இருந்தால் எலும்பு சுண்ணாம்பாக உதிர்ந்துவிடும். அதனால் சட்டம் போட்டிருந்தார்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொருவரும் மிதிகூடத்துக்குப் போய், நிலத்தில் அறைந்த பொறியில் ஏறி உட்கார்ந்து, பத்து கிலோமீட்டர் பெடல் மிதித்துவிட்டு வர வேண்டும்.

அஞ்சலாட்சிக்கு அன்று ஒன்றரைக் கிலோமீட்டர் குறைந்திருந்தது. தோப்புக்கரணக் கணக்கில் நூற்றிருபது. காதைப் பிடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆனாலும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

"நேத்தும் அந்தப் பழைய இரும்பக் கட்டிக்கிட்டு அழுதியா?" என்றார் கலியமூர்த்தி. அவர் கதவு திறக்கக் காத்திருக்கும் புருஷன். இருவரில் ஒருவருக்குக் குறைந்தாலும் கதவு இருவருக்கும் திறக்காது.

"நான் எங்க அழுதேன். செயின் தளந்து போச்சி, ஒரு கண்ணிய எடுத்துட்டுக் கோத்தேன்."

"அந்த நேரத்துக்குப் போயி மிதிச்சிருந்தா கதவு தொறந்திருக்கும்."

"தொறக்கும். மிதிச்சா எங்கனாச்சும் போவுமா அது?"

அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று என்று எண்ணிக்கொண்டே அவள் எழுந்தாள்.

நாற்பத்தெட்டு வயது. இருபது வயதில் பூமியிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்தவள். அவள் அம்மா நிலக்கரிச் சுரங்கத்தில் மேல்மண் சுமந்தவள். உடம்புக்கு உழைப்பு போதவில்லை என்று அந்த அம்மாவிடம் யாராவது சொல்லியிருந்தால் கூடையைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்திருப்பாள். இங்கே பனிச்சுரங்கத்தில் அஞ்சலாட்சி விசைச்சட்டைக்குள் நுழைந்துகொண்டு விரலை அசைத்தால் ஒரு டன் பாறை எழும்பும். சட்டை உழைக்கும், அவள் உட்கார்ந்திருப்பாள். வீட்டிலிருந்து சுரங்கத்துக்கு ஐந்து கிலோமீட்டர். அதையும் இழுவண்டி இழுத்துக்கொண்டு போகும். பகலெல்லாம் வியர்க்காமல் இருந்த நாற்பது பேரும் மாலையில் மிதிகூடத்தில் வரிசையாக உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி வியர்ப்பார்கள். சுவரில் புளியமரச் சாலை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அதே நான்கு மரங்கள் திரும்பத் திரும்ப வரும்.

முதல் குடியேறிகள் கொண்டுவந்த ஆறு சைக்கிள்களில் ஒன்றின் எலும்புக்கூட்டைக் காயலான் கிடங்கில் கண்டபோது அவளுக்குப் பெரிய யோசனை எதுவும் இல்லை. எடுத்துப் பார்த்தாள், விட மனம் வரவில்லை. இரண்டு வருடம் போனது. செத்துப்போன பம்பு ஒன்றைப் பிரித்து பால்ரஸ் எடுத்தாள். துளைப்பானின் ரப்பர்க் குழாயை வெட்டி டயர் சுற்றினாள். பின்சக்கரம் பாம்பு மாதிரி நெளிந்தது. கம்பி கம்பியாக முறுக்கி இளக்கி, கோட்டம் எடுக்கவே நாலு மாதம். ப்ரீவீலுக்குள் கிரீஸ் காய்ந்து கல்லாகியிருந்ததைச் சுரண்டி எடுத்து, உள்ளே கடுகளவு ஸ்பிரிங்கை உட்கார வைத்த அன்று கலியமூர்த்தி சாப்பாட்டை அவரே போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசியாகக் குழாயை வளைத்து டபுள் ஸ்டாண்டு செய்தாள். அதில் ஏற்றி நிறுத்தினால் மேலே ஏறிக் குதித்தாலும் வண்டி ஆடாது. அவளுடைய வேலைகளிலேயே அவளுக்கு மிகவும் பிடித்தது அந்த ஸ்டாண்டுதான்.

ஓய்வுநாளில், குடிலின் கூரைக்குள்ளேயே ஓடும் சுரங்கப் பாதை காலியாக இருக்கும். அதில் ஓட்டுவாள். இரண்டு கிலோமீட்டர் சமதளம், பிறகு மூன்று கிலோமீட்டர் இறக்கம். குடிலுக்குள் அடைத்து வைத்த காற்றுக்கு வீசத் தெரியாது. முகத்தில் காற்று வேண்டுமென்றால் நாமே போய் மோத வேண்டும். இறக்கத்தில் காலை நிறுத்திவிடுவாள். ப்ரீவீல் டிக்டிக்கென்று சொல்லிக்கொண்டே வரும். வேலை செய்யாமல், ஆனால் தன் வேலையாலேயே போய்க்கொண்டிருக்கும் அந்த மூன்று கிலோமீட்டருக்காக எத்தனை தோப்புக்கரணம் வேண்டுமானாலும் போடலாம் என்று அவளுக்குத் தோன்றும்.

அந்த ஆசையில்தான் மனு கொடுத்தாள். தினமும் வேலைக்குச் சைக்கிளிலேயே போய் வருகிறேன், போக வரப் பத்து கிலோமீட்டர், அதையே என் மிதிக் கணக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று. ஏழு மாதம் பதில் இல்லை. எட்டாம் மாதம் உடலுழைப்பு அலுவலர் ஜெபஸ்டின் நேரிலேயே வந்தார். சக்கரத்தில் ஒரு தூரமானியை மாட்டி, அவளை ஒரு முறை சுரங்கம் வரை போய்த் திரும்பச் சொன்னார். திரும்பி வந்ததும் தூரமானி, தசைமானி இரண்டின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"சக்கரம் பத்து கிலோமீட்டர் போயிருக்கு. உங்க காலு ஏழுதான் மிதிச்சிருக்கு. மீதி மூணு எங்கம்மா?"

"அது எறக்கம் சார். கால வச்சிக்கிட்டுச் சும்மா இருந்தேன். அதுவா போவும்."

"அதுவா எப்படிப் போவும்? யாரு மிதிச்சா?"

"யாரும் மிதிக்கல. தரை இழுக்குதுல்ல."

"அப்ப அது தரையோட உழைப்பு. உங்க பேர்ல எழுத முடியாதுல்லா."

"சரி, அந்த மூணக் கழிச்சிடுங்க. அதுக்கு தோப்புக்கரணம் போட்டுக்கறேன். ஏழையாச்சும் ஏத்துங்க."

ஜெபஸ்டின் கெட்டவர் அல்ல. வருத்தத்தோடுதான் தலையை ஆட்டினார். "அங்கதாம்மா சிக்கலு. பயிற்சிப் பொறின்னா இருக்க எடத்த விட்டு நகரக் கூடாது. பயண வண்டின்னா மோட்டார் இருக்கணும். உங்க சாமான் ரெண்டுலயும் சேரல. ரெண்டுலயும் சேராத இரும்பு பத்து நாள்ல உருக்காலைக்குப் போயிரும். நான் வந்து பாக்காம இருந்திருந்தா தப்பிச்சிருக்கும். நீங்கதான் மனு கொடுத்திட்டீங்க."

"ஏன் சார் நகரக் கூடாது?"

"நானா வச்சேன்? பூமியில நம்ம முன்னோர் வாழ்ந்த பழைய படமெல்லாம் பாத்துத்தான் சட்டம் எழுதியிருக்காங்க. உடற்பயிற்சிக் கூடத்து வாசல்ல எல்லாம் வரிசையா காரும் பைக்கும் நிக்கி. கார்ல வந்து எறங்குதாங்க. லிஃப்டுல ஏறி ரெண்டாம் மாடிக்குப் போறாங்க. போயி, அங்க ஓடுற பட்டை மேல நடக்காங்க. வீட்டுலேருந்து அங்க நடந்தே போனதா அந்தப் படங்கள்ல ஒருத்தர்கூடக் கெடையாது. படிச்சவங்க, அனுபவஸ்தங்க. ரெண்டையும் ஒண்ணாக் கலக்கக் கூடாதுன்னு ஏதோ காரணம் இருந்திருக்கும்."

அஞ்சலாட்சிக்கு அம்மாவின் கூடை ஞாபகம் வந்தது.

அடுத்த ஒன்பது நாளும் வேலை முடிந்த கையோடு அலுவலகம் அலுவலகமாக ஏறினாள். பயணத்துறையில், மோட்டார் இல்லாத வண்டிக்கு விண்ணப்பத் தாளே கிடையாது என்றார்கள். மருத்துவத்துறையில், இறக்கத்தில் சும்மா இருப்பது எலும்புக்கு ஆகாது என்றார்கள். ஒருவன் அக்கறையாகவே யோசனை சொன்னான். பெடலைக் கழற்றிவிட்டு மோட்டார் வைத்தால் உடனே அனுமதி என்று. அவள் அவனை நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவன் அடுத்த ஆளைக் கூப்பிட்டான். அலைந்த நாட்களில் மிதிகூடத்துக்குப் போகவில்லை. காலையில் கதவடியில் எண்ணிக்கை எண்ணூறுக்கு ஏறியது. கலியமூர்த்தி ஷிப்டுக்குத் தாமதமாகி இரண்டு முறை திட்டு வாங்கினார்.

"எங்கனாச்சும் ஒளிச்சி வச்சிடலாமா?" என்றார் ஒன்பதாம் நாள். அவருக்கும் தாங்கவில்லை.

"எங்க ஒளிக்கறது? கதவே நம்ம தொடையப் பாத்துதான் தொறக்குது."

பத்தாம் நாள் உருக்காலை வண்டிக்கு முன்னால் ஜெபஸ்டின் வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. ராத்திரியெல்லாம் சட்டத்தைப் புரட்டியிருக்கிறார். குனிந்து, அவள் செய்த டபுள் ஸ்டாண்டைத் தட்டிப் பார்த்தார்.

"இதப் போட்டா பின்சக்கரம் தரையத் தொடாதுல்லா?"

"தொடாது."

"ஆடுமா?"

"என் வேல ஆடாது சார்." அந்த நிலையிலும் அவளால் பெருமைப்படாமல் இருக்க முடியவில்லை.

"அப்ப தீர்ந்துச்சி. இழுவண்டியோட பின்தட்டுல இத ஸ்டாண்டு போட்டு நிறுத்திருவோம். இழுவண்டிக்கு மோட்டார் இருக்கு, அது பயணம். சைக்கிள் நகராது, இது பயிற்சி. நீங்க மேல உக்காந்து மிதிச்சிக்கிட்டே வேலைக்குப் போகலாம். மிதிகூடமே வேண்டாம். கேட்டதெல்லாம் கெடச்சாச்சி."

உருக்காலை வண்டி வாசலில் வந்து நின்றது. அஞ்சலாட்சி அதைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் இழுவண்டியின் பின்தட்டில் அவள் மிதித்துக்கொண்டு போனாள். பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றியது. மற்ற முப்பத்தொன்பது பேரும் திரும்பி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். இறக்கம் வந்ததும் கால் தானாக நின்றது. ப்ரீவீல் டிக்டிக் என்றது. கண்ணை மூடினாள். உடனே தொடைக்குள் தசைமானி துடித்தது: மிதிக்கவும், மிதிக்கவும். மிதித்தாள்.

"கொடுத்து வச்சவ நீ. போற வழியிலயே வேலைய முடிச்சிடற. எங்களுக்கும் ஒண்ணு ஏற்பாடு பண்ணு அஞ்சல," என்றாள் முன்னால் உட்கார்ந்திருந்த தையல்நாயகி.

ஒரு மாதத்தில் முப்பத்தொன்பது மனுக்கள் போயின. எல்லாம் ஒரே வாரத்தில் பாஸாயின. மிதிகூடத்துப் பொறிகளை அறுத்து இழுவண்டியில் இருக்கைக்குப் பதிலாக மாட்டினார்கள். ஆடாமல் ஸ்டாண்டு வளைக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் முப்பத்தொன்பதையும் அவளே வளைக்க வேண்டியிருந்தது. கலியமூர்த்திக்குக் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. காலைத் தோப்புக்கரணம் அந்தக் குடிலில் ஏறக்குறைய நின்றுபோனது.

எல்லாப் பொறிகளோடும் இழுவண்டி ஓடிய முதல் நாள் மாலை, வேலை முடிந்து திரும்பும்போது, நாற்பது பேரும் மூச்சிரைக்க மிதித்துக்கொண்டிருக்கையில், பாரம் தாங்காமல் ஏற்றத்தின் நடுவே இழுவண்டி நின்றுவிட்டது. யாரும் இறங்கவில்லை, மிதிப்பதையும் நிறுத்தவில்லை. கீழே இறங்கித் தள்ளினால் அது பயணமா பயிற்சியா என்று யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் இன்னொரு மோட்டார் பொருத்தினார்கள்.