நாற்பத்தோராம் கோபுரத்துப் பால்செடிகள்

ஜூலை 14. காலை 6.40.

அமெரிக்காவின் அயோவா மாநில நெடுஞ்சாலை ஓரம், நாற்பத்தோராம் மின்கோபுரத்தின் அடியில் பால்செடிகள் வெட்டுண்டு கிடந்தன. நம் எருக்குக்கு உறவு. மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு இதைத் தவிர வேறெதையும் தின்னாது. அதனால்தான் மின் நிறுவனம் தானாக முன்வந்து அரசோடு ஒப்பந்தம் போட்டிருந்தது: செப்டம்பர் முடியும்வரை இங்கே கத்தி படாது.

முதலில் பார்த்தவன் நிறுவனத்தின் மேற்பார்வையாளன் கிர்க். ஏழு மணிக்கு வட்டாரக் காவல் அதிகாரி, டெபுடி ஷெரிஃப் நோரீன் ஹாக் வந்து இறங்கினார்.

"தேடவே வேணாம். புல்வெட்டுற டெல்தான். நேத்து இந்தப் பக்கம் ஓட்டினது அவன் ஒருத்தன்தான். மத்தியானத்தோட அவன் காண்ட்ராக்ட் காலி," என்றான் கிர்க்.

"டேய், உன்கூட பேஸ்பால் ஆடினவன்டா நான்!" டிராக்டரிலிருந்து குதித்து வந்தான் டெல். "மெஷின் கத்தியை மேல தூக்கிட்டுத்தான் இந்த இடத்தைத் தாண்டினேன். இந்த வேலையும் போச்சுன்னா ஊரையே விட்டுப் போகணும்."

வேலிக்கு அப்பால் தன் சோயா வயலில் நின்றிருந்த விவசாயி வெண்டல் ஷ்ரோடர் சிரித்தார். வயது எழுபத்திரண்டு. இடது கண் சிவந்து வீங்கியிருந்தது.

"களைக்கெல்லாம் போலீஸா? பிணம் எங்கம்மா, நோரீன்?"

"கண்ணுக்கு என்ன, வெண்டல்?"

"மகரந்தம். காட்டை வளர்த்து விட்டா வேற என்ன வரும்?"

7.25. நோரீன் மண்டியிட்டார். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை வெட்டப்பட்டிருந்தது. தண்டுகளில் சாய்வான, வழவழப்பான வெட்டு. பால் உறைந்து வெள்ளைப் பொருக்காகியிருந்தது. நின்ற செடியின் ஓர் இலையைத் திருப்பினார். மூன்று புழுக்கள்: சுண்டுவிரல் தடிமனில் ஒன்று, பென்சில் முனையளவில் ஒன்று, நூலளவில் ஒன்று. அடுத்த செடியில் நான்கு. கறுப்பு, மஞ்சள், வெள்ளை வளையங்கள். சாலையில் லாரிகள் பறந்தன. புழுக்கள் பாட்டுக்கு மென்றுகொண்டிருந்தன. நோரீன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

11.40. மூவரையும் வேலியோரம் கூட்டினார்.

"டெல் இல்ல. மெஷின் தண்டை நார்நாராக் கிழிக்கும். இது கை அரிவாள். இன்னொண்ணு, தாய்ப்பூச்சி பெரும்பாலும் செடிக்கு ஒரு முட்டைதான் வைக்கும். இங்க ஒரே இலையில மூணு புழு, ஒவ்வொண்ணும் வேற வயசு. வெட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா எடுத்து, நிக்கிற செடியில யாரோ விட்டிருக்காங்க. அழிக்க வந்தவன் அதைச் செய்வானா?"

கிர்க் குனிந்து, வெட்டுண்ட தண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தான்.

"வெறுங்கையால செஞ்சிருக்காங்க. அந்தப் பால் பட்ட கையால தேய்ச்சா கண்ணு வீங்கும். மகரந்தம்னா ரெண்டு கண்ணும் சிவந்திருக்கணும், வெண்டல்."

வெண்டல் தரையைப் பார்த்தார்.

"இலை முத்திப் போச்சும்மா. பாதியை இப்ப வெட்டினா ஆகஸ்டுல தளிர் வரும். குளிருக்குத் தப்பி மெக்சிகோவுக்குப் பறந்து போற பூச்சிக் கூட்டத்துக்கு அந்தத் தளிர்தான் தாய்ப்பால் மாதிரி."

"கேட்டிருக்கலாமே!" என்றான் கிர்க்.

"கேட்டா கையெழுத்துப் போடச் சொல்லுவே. உன் ஒப்பந்தத் தாள்ல 'தன்விருப்பம்'னுதானே போட்டிருக்கு? என் விருப்பத்துக்குச் செஞ்சேன்."

"என் பொழப்பு போக இருந்துச்சு. வாயைத் திறந்தியா, பெருசு?" டெல் வேலியைப் பிடித்து உலுக்கினான்.

"வெக்கம்டா. இருபது வருஷமா பூச்சியைக் கிண்டல் பண்ணிட்டு, அதுகளை உள்ளங்கையில வச்சுத் தூக்கிட்டு நடந்தேன்னு எப்படிடா சொல்றது?"

ஆகஸ்டு 5. காலை 9.10.

வெட்டிய வரிசைகளில் முழங்கால் உயரத் தளிர். ஆரஞ்சு இறக்கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. வயிற்றை வளைத்து இலையின் அடியில் தொட்டன, எழுந்தன. தொட்ட இடத்தில் குண்டூசித் தலையளவு முட்டை. அதற்குள் இருப்பதுதான் மூவாயிரம் கிலோமீட்டர் பறந்து, மெக்சிகோவில் தான் பார்த்தேயிராத ஒரு மலையைக் கண்டுபிடிக்கப் போகிறது.

டெல் டிராக்டர் எஞ்சினை அணைத்தான்.

கிர்க் குனிந்து தளிர்களைத் திருப்பிக்கொண்டே போனான்.

"எத்தனை முட்டை?" என்று கேட்டார் நோரீன்.

கிர்க் இன்னொரு விரலை மடக்கினான். அடுத்த தளிரைத் திருப்பினான்.