கால் இருக்கிறதா

வாசற்படியில் வெயில் காய வந்திருந்த அரணைக்குக் கால்கள் குட்டையாக இருப்பதுபோல் சுப்பண்ணனுக்குப் பட்டது. நேற்று வந்ததற்கு நல்ல தடித்த கால்கள்; தேய்த்து வைத்த வெண்கலம் போல முதுகு. இது வேறாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். வேலியோரம் திரியும் தடியரணை, ஓட்டுச் சந்தில் ஒளியும் செவ்வால் குட்டி, மண்ணுக்குள்ளேயே கிடக்கும் பாம்பரணை, அதற்கு அரிசி மணியளவே கால். எல்லாம் பார்த்து வளர்ந்தவர்தான். இப்போது எது வந்தாலும் முதலில் காலைத் தேடினார்.

குல்சார் பேகம் இறந்ததிலிருந்து இப்படித்தான். பனியன் கம்பெனியில் அவர் மேஸ்திரி. அவள் வெட்டுத்துணிக் கழிவைப் பிரிப்பவள். அன்று மூட்டைக்குள் பளபளவென்று ஏதோ நுழைந்தது.

"அண்ணே, என்னமோ நெளியுது."

மூட்டைகளை ஏற்ற வெளியே மாட்டுவண்டி காத்திருந்தது. முதலாளி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார்.

"அரணைதாம்மா. கடிக்க வந்தாலும் மறந்துட்டுப் போயிரும். கையை உட்டுப் பிரி."

சுப்பண்ணன் சொன்னதற்கு எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே கையை விட்டாள்.

கட்டுவிரியன் என்று பிறகு தெரிந்தது. "நீங்க நல்லாப் பாத்தீங்களாண்ணே?" என்று அவள் புருஷன் நஸ்ருதீன் கேட்டபோது, "அரணையாட்டந்தான் தெரிஞ்சுதுங்க" என்றார். பாவம், மேஸ்திரிக்குக் கண் தவறிவிட்டது என்றார்கள்.

கண் தவறவில்லை. அதற்குக் கால் இல்லை என்பதை அவர் பார்த்திருந்தார்.

"சோறு போட்டு எந்நேரமாச்சுங்க. அரணையாட்டம் மறந்துட்டீங்களா?" உள்ளிருந்து செல்லாத்தாள் கேலி செய்தாள். இன்றைக்காவது மனைவியிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

பொழுது சாய்ந்தால் அரணை பொந்துக்குள் போய்விடும். இது போகவில்லை. விளக்கேற்றிய பிறகும் சுவரோரம் கிடந்தது. கால் இருந்த இடத்தில் இப்போது மயிரிழை போல ஏதோ துடித்தது. துணி வெளுக்கும் தூளின் காரநெடி, கம்பெனியில் மட்டுமே வீசும் நெடி, அடுப்படிவரை நிறைந்திருந்தது. துணியோடு துணி உரசும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

தலையணைக்கு அடைக்க அவர் எப்போதோ கொண்டுவந்து போட்டிருந்த கழிவுத்துணி மூட்டையை இழுத்து வைத்துக்கொண்டு செல்லாத்தாள் உட்கார்ந்தாள்.

சுவரோரம் வெறுமையாக இருந்தது.

"ஏனுங்க, மூட்டைக்குள்ள என்னமோ போச்சுங்க."

அவர் பார்த்தார். வழவழப்பு. நீளம். கால் இல்லை.

எடுக்காதே என்று சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு அசைந்தது. சத்தம் வரவில்லை.

சத்தம் மூட்டைக்குள்ளிருந்து வந்தது. அவருடைய குரல்தான். பதற்றமே இல்லாத குரல்.

"அரணைதாம்மா. கையை உட்டுப் பிரி."

செல்லாத்தாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சரிங்க" என்று சிரித்துக்கொண்டே முழங்கைவரை கையை விட்டாள்.