எண்ணெய் கேட்காத மோட்டார்

மோட்டாரிலிருந்து வெளியேறிய காற்று வெதுவெதுப்பாக இருந்தது. மெருயெர்த் கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள். அழுத்தக் காற்றால் ஓடும் மோட்டார் அது; அந்தக் காற்று விரிந்து வெளியேறும்போது சில்லிட்டுத்தான் போகும். அரைமணி ஓடினால் காற்று வெளியேறும் துளையைச் சுற்றி உறைபனியே படியும். இது ஈரமாக, யாரோ உள்ளங்கையில் வாய் வைத்து ஊதுவதுபோல வந்தது.

இந்தக் கரகண்டி நிலக்கரிச் சுரங்கத்துக்கென்றே அவள் மூன்று வருடம் மெனக்கெட்டு வடிவமைத்த மோட்டார். எண்ணெய் பட்டால் கரித்தூள் அப்பி இறுகிவிடும் என்று, எண்ணெய் கேட்காத கார்பன் தகடுகளை உள்ளே சுழலவிட்டிருந்தாள். காலையில் கூரை சரிந்தது. மீத்தேன் கசிந்ததால் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட மூவருக்கும், இந்த மோட்டார் சுழற்றும் விசிறிதான் துணிக்குழாய் வழியாக மூச்சு அனுப்பிக்கொண்டிருந்தது. மூவரில் ஒருவன் தால்கத், அவள் புருஷன்.

தொலைபேசி அடித்தது. மேலே, மோட்டாருக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸர் அறையிலிருந்து ஒராஸ் கத்தினான்.

"அக்கா, கம்ப்ரஸர் படுத்து இருபது நிமிஷமாச்சு! மோட்டார் நின்னிருக்குமே?"

"ஓடுதுடா."

"வெளாடாதீங்கக்கா. எதுல ஓடும்?"

காற்று வரும் ரப்பர் குழாயை அழுத்தினாள். தொளதொளவென்று கிடந்தது. பிடுங்கியே போட்டாள். மோட்டார் ஓடியது.

அப்போதுதான் துணிக்குழாயைப் பார்த்தாள். உப்பியிருக்க வேண்டியது, உள்வாங்கிச் சுருங்கியிருந்தது. விசிறி தலைகீழாகச் சுற்றுகிறது. அவர்களுடைய காற்றை உறிஞ்சுகிறது.

இரும்பு பட்டால் பொறி பறக்கும். மரக்கட்டையை எடுத்து விசிறிக்குள் திணித்து, இரண்டு கையாலும் அழுத்தினாள். நின்றது. கட்டை மட்டும் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"மெரு..." குழாய்க்குள் தால்கத்தின் குரல், வெகுதூரத்தில். "இழுக்கிறது நின்னுடுச்சு. மூணு பேரும் இருக்கோம்."

அவள் அழுதுவிட்டாள். "அதிகம் பேசாதீங்க. தோண்டிட்டேதான் இருக்காங்க."

"மெரு, கேளு. பாறைக்குள்ளேருந்து ஒண்ணு வந்துச்சு. எங்களத் தாண்டி குழாய்க்குள்ள பூந்துடுச்சு. நீ ஓடிடு."

கட்டையை விட்டால் விசிறி மறுபடி சுற்றும். அவர்களிடம் மிச்சமிருப்பதே அந்தக் கொஞ்சம் காற்றுதான்.

விடவில்லை.

சரிவின் அடியில் துணிக்குழாய் உப்பியது. உப்பல் நகர்ந்தது. நின்றது. நகர்ந்தது.

அவள் முழங்கைக்கருகே துணி விறைத்தது. உள்ளிருந்து அழுத்தும் ஓர் உள்ளங்கை. விரல்கள். நிதானமாக, ஒவ்வொன்றாக விரிந்தன.

ஐந்துக்குப் பிறகும் விரிந்தன.