நோலா பிரேட்டரின் கத்தி

கத்தியை மடக்கித்தான் மேசைமேல் வைத்தாள். அதில் லோர்னாவுக்குச் சந்தேகமே இல்லை. மடங்கும்போது அது போட்ட ‘டக்’ சத்தம் இன்னும் காதிலேயே இருந்தது. கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு திரும்பினால், சோளரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் அது அலகை முழுக்க நீட்டிக்கொண்டு கிடந்தது. முனை சன்னலைப் பார்த்து இருந்தது.

நவம்பர் மாதம். ஐந்தரை மணிக்கே மலை இருட்டைக் கொண்டுவந்து வாசலில் கொட்டிவிடும். கரியடுப்பு முனகிக்கொண்டிருந்தது. வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. கணவன் ஒஹாயோவுக்கு வேலைக்கென்று போய் அங்கேயே இன்னொரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு பத்து வருடமாகிறது. தன்னைத்தானே ஒரு திட்டு திட்டிக்கொண்டு கத்தியை மறுபடி மடக்கினாள். வயசாகிறது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டாள். ஐம்பத்தொன்று ஒரு வயசா என்று யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் கத்தி வந்த கதை இதுதான். லோர்னா டாக்கெட், கென்டக்கி மலை இடுக்குகளில் வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். பையில் வலிமருந்து இருக்கும் என்று மலை முழுக்கத் தெரியும் என்பதால் வலது இடுப்பில் எப்போதும் துப்பாக்கி இருக்கும். மூன்று வாரத்துக்கு முன்னால், ஓப்பல் கூம்ஸ் அம்மாவுக்கு மருந்து கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது அந்த அம்மாவின் தங்கை மகன் ஜாரெட் காரருகே நின்றான். அவள் வலது மணிக்கட்டைப் பிடித்துக் கார்க் கதவோடு சேர்த்து அழுத்தினான். துப்பாக்கி இடுப்பில் இருந்தது, எடுக்கத்தான் கை இல்லை. இடது கை செய்வதறியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து ஓப்பல் அம்மா அவன் பெயரைச் சொல்லிக் கத்தியதால் விட்டான்.

“உன் வீடு எனக்குத் தெரியும்க்கா,” என்றான் சிரித்துக்கொண்டே. “ஓடைக்கு மேல, பச்சைக் கூரை. தனியாத்தான இருக்க? ஒரு நாளைக்கு வரேன்.”

அன்றிலிருந்து அவன் யார் கண்ணிலும் படவில்லை. காவலரிடம் கேட்டால், “தேடிக்கிட்டுத்தாம்மா இருக்கோம், கதவ நல்லாப் பூட்டிக்கங்க,” என்றார். பூட்டு இருப்பது அவளுக்குத் தெரியாதா என்ன? அவன் வருவான். எப்போது என்பதுதான் தெரியாது. அதனால்தான் இடது கைக்கு ஒரு கத்தி தேடி வெண்டல் ஸ்டாம்பரின் இரும்புச்சாமான் கடைக்குப் போனாள்.

“எதுக்குத் தாயி?” என்றார் வெண்டல், கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தபடி. “தக்காளி நறுக்கவா, ஆள நறுக்கவா?”

“வலது கை மாட்டிக்கிட்டா இடது கைக்கு ஒண்ணு வேணும் வெண்டல்.”

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு முதலில் உறையோடு ஒரு சின்னக் கத்தியை எடுத்து வைத்தார். மடங்காதது. “மடக்குக் கத்தி அவசரத்துல காலை வாரும். இதுன்னா உருவினா முடிஞ்சுது.” லோர்னா அதை இடுப்பில் செருகிக்கொண்டு, கட்டிலில் கிடப்பவரைத் திருப்புவதுபோல் குனிந்து பார்த்தாள். பிடி விலாவில் குத்தியது. நர்ஸ் கால்சட்டைக்கு நாடாதான், பெல்ட் கிடையாது. ஏற்கெனவே துப்பாக்கியைத் தாங்கிக்கொண்டிருந்த அது, கத்தியின் கனமும் சேர்ந்ததும் கீழே இறங்கியது.

“இதக் கட்டிக்கிட்டு ஊசி போட்டா என் கால்சட்டை கழண்டுரும். பேஷண்ட் சிரிச்சே செத்துருவாங்க.”

அடுத்தது மடக்குக் கத்தி. விறைப்பு. திறக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. “ரெண்டு கையும் சும்மா இருந்தா நான் துப்பாக்கியையே எடுத்துர மாட்டேனா?” என்றாள். இன்னொன்றில், பை விளிம்பில் மாட்டும் கவ்வி வலதுபக்கம் இருந்தது. இடது பையிலிருந்து உருவினால் பிடி தலைகீழாக வந்தது. அரை மணி நேரம் ஆயிற்று. வெண்டல் சலிக்கவில்லை. பெட்டியின் கீழ்த்தட்டில் பழைய கத்திகள் கிடந்த சுருட்டுப்பெட்டி ஒன்றை அவளே பார்த்தாள்.

அதில் ஒன்று மட்டும் திறந்தபடி கிடந்தது. கறுப்புப் பிடி, விரல் நீள அலகு, கவ்வி இடதுபக்கம். கையில் எடுத்தாள். பிடியில் கட்டைவிரல் வைக்கும் இடம் தேய்ந்து குழிந்திருந்தது. யாரோ ஒரு இடதுகைக்காரரின் விரல் பல வருடம் உட்கார்ந்திருந்த குழி. அவள் விரல் அதில் சரியாகப் போய் உட்கார்ந்தது.

“இதுதான்,” என்றாள்.

வெண்டல் அதை வாங்கித் திறந்தபடியே செய்தித்தாளில் சுற்றப் போனார். அந்த மலையில் அது வழக்கம். ஒருவர் திறந்து கொடுத்த கத்தியை வாங்கினால், ஆப்பிளை நறுக்கிவிட்டுத் திறந்தபடியேதான் திருப்பிக் கொடுப்பார்கள். திறந்தவர்தான் மூட வேண்டும். லோர்னாவின் அப்பாவும் அப்படித்தான். ஆனால் அன்று இன்னும் மூன்று வீடு பாக்கி இருந்தது. திறந்த கத்தியை எந்தப் பையில் போடுவது? வெண்டல் கையை நீட்டித் தடுப்பதற்குள் அதைத் திரும்ப எடுத்து, பிடியிலிருந்த பூட்டை அமுக்கி அலகை மடக்கிவிட்டாள். அவர் ஓரடி பின்னால் போனார். மீதிச் சில்லறையை அவள் கையில் வைக்காமல் மேடைமேல் வைத்தார்.

வீட்டில் கத்தி தானாகத் திறந்தது முதல் நாள் சன்னலைப் பார்த்து. மறுநாள் இரவு உணவுக்கு முன்னால் பின்கதவைப் பார்த்து. சனிக்கிழமை அவள் கால்சட்டைப் பையிலேயே. வலது கையை மேசைக் காலோடு துண்டால் கட்டிக்கொண்டு, இடது கையால் உருவிப் பழகலாம் என்று பையில் கைவிட்டாள். விரல் நேராகக் கூர்மேல் பட்டது. ரத்தம் அதிகமில்லை. உள்ளே அது எப்படித் திறந்தது? துணி கொஞ்சம்கூடக் கிழியவில்லையே.

அப்புறம்தான் காலடிச் சத்தம். கத்தி திறந்து சிறிது நேரம் ஆனதும், வீட்டைச் சுற்றிப் போட்டிருந்த சரளைக்கல்லில் யாரோ நடப்பது கேட்கும். ஓரடி ஊன்றி, ஓரடி இழுத்து. ஊன்றி, இழுத்து. சமையலறைச் சன்னலுக்குக் கீழே வந்து, படுக்கையறைச் சுவர் ஓரமாகப் போய், புகைக்கூண்டுப் பக்கம் திரும்பி, மறுபடி சன்னலுக்கு. அவசரமே இல்லாத நடை. அவள் கத்தியை மடக்கினால் சத்தம் நின்றுவிடும். இரண்டே நிமிடத்தில் கத்தி திறந்துகொள்ளும், சத்தம் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தாள். சரளைமேலும் புல்மேலும் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அதில் அவளுடைய காலடியைத் தவிர வேறு ஒரு தடமும் இல்லை. இழுக்கிற சத்தம் மட்டும் அவளுக்கு மூன்றடி முன்னால் போய்க்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை கடை திறக்கும்போதே வெண்டல் முன்னால் போய் நின்றாள்.

“அது யாரு கத்தி?”

அவர் தொப்பியைக் கழற்றி மேடைமேல் வைத்தார். “நோலா பிரேட்டர்னு ஒருத்தி. மேல லாரல் ஓடைக்காரி. புருஷனோட தம்பி ஒருத்தன் அவளக் கொல்லாம விடமாட்டேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சான். பதினோரு வருசம், தாயி. பொழுது சாஞ்சா கத்தியத் திறந்து கையில வெச்சிக்கிட்டு வீட்டச் சுத்திச் சுத்தி வருவா. ஊரே சிரிச்சுது. ஆனா அவ சாகுற வரைக்கும் ஒருத்தனும் அந்த வீட்டுக்குள்ள கால வைக்கல. மாரடைப்பு. நாற்காலியில உக்காந்தபடி, கத்தி கையில திறந்தபடி. சொந்தக்காரங்க யாரும் மூட ஒத்துக்கல. அப்படியே கொண்டாந்து குடுத்தாங்க.”

“அவ நடை எப்படி?”

“மூட்டுவலிக்காரி. ஒரு கால இழுத்து இழுத்துத்தான் நடப்பா. ஏன் கேக்குற?”

“செத்தவ என் வீட்டச் சுத்துறா வெண்டல். கத்தியோட. நான் தூங்கி நாலு நாளாச்சு.”

அவர் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. “அவ திறந்தத நீ மூடிட்ட. மூடி மூடி வேற வெச்சிருக்க. அவளே மூடட்டும். மேசமேல திறந்தபடி வெச்சிட்டு, மரியாதையாச் சொல்லு. உங்க வேல முடிஞ்சுதும்மா, மூடிக்கிட்டுப் போங்கன்னு. போயிருவா.”

அன்று சாயங்காலம் அவள் அப்படியே செய்தாள். மேசையைத் துடைத்தாள். கத்தி சொல்லாமலே திறந்து கிடந்தது. முனை, சமையலறையை ஒட்டிய சரக்கறைப் பக்கம். காலடி தொடங்கியிருந்தது, அன்றைக்கு என்னவோ வேகமாக. ஊன்றி இழுத்து, ஊன்றி இழுத்து. கிட்டத்தட்ட ஓடுவதுபோல. பயத்தில் லோர்னாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“நோலாம்மா,” என்றாள். “உங்க வேல முடிஞ்சுது. நீங்க திறந்தது, நீங்களே மூடிக்கங்க. போயிருங்கம்மா. என்ன விட்டுருங்க.”

காலடி நின்றது.

அடுப்பில் கரி சரிந்தது. பிறகு அவள் கண்ணெதிரே, பிடியின் அந்தக் குழியில் ஏதோ அழுத்தியதுபோல் கத்தி மேசையில் மெல்ல அசைந்தது. அலகு தயங்கித் தயங்கி, மனசில்லாமல் மடங்கியது. டக்.

சரளைக்கல்லில் சத்தம் மறுபடி கேட்டது. இந்த முறை வீட்டைச் சுற்றவில்லை. பாதையில் இறங்கியது. ஊன்றி, இழுத்து. தபால் பெட்டியைத் தாண்டி, ஓடைப் பாலத்தைத் தாண்டி, தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போயிற்று. லோர்னா மேசையில் தலையை வைத்து வாய்விட்டு அழுதாள். பிறகு சிரித்தாள். அப்படியொரு நிம்மதி. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வெந்நீரில் முகத்தையும் கழுத்தையும் ஆசைதீரக் கழுவினாள். ஒரு காப்பி போட்டுக் குடித்துவிட்டு, நாளைக் காலைவரை அசையாமல் தூங்க வேண்டும் என்று நினைத்தாள்.

சமையலறைக்குத் திரும்பி வந்து கெண்டியை அடுப்பில் வைத்தாள். கணுக்காலில் சில்லென்று காற்று பட்டது.

வீட்டுக்குள் காற்று எங்கிருந்து வருகிறது?

மெல்லத் திரும்பினாள். காற்று சரக்கறைக் கதவுக்கு அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. உள்ளே, மாவுப் பீப்பாய்க்கு மேலே, ஓடைப்பக்கம் ஒரு சின்னச் சன்னல் உண்டு. ஆள் ஒருவன் உடம்பைக் குறுக்கினால் நுழையலாம். ஆனால் அவள் பார்த்தது கதவை. அந்த வீடு ஒரு பக்கம் சாய்ந்து பதினெட்டு வருடமாகிறது. அன்றிலிருந்து அந்தக் கதவு தானாகச் சாத்தி நின்றதில்லை. எத்தனை முறை சாத்தினாலும் ஒரு விரல் அளவு திறந்துகொள்ளும். யாராவது பிடித்துக்கொண்டிருந்தால்தான் சாத்தியிருக்கும்.

கதவு சாத்தியிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. கத்தி அவளைப் பயமுறுத்தத் திறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வெளியே ஜாரெட் மரத்தடியில் காத்திருந்தான், அவனைப் பார்த்துத்தான் திறந்தது. காவலுக்கு நின்றவளைப் போ என்று அவளே அனுப்பிவிட்டாள்.

வலது கை இடுப்புக்குப் போனது. துப்பாக்கி இல்லை. குளியலறையில், கழுவுதொட்டி விளிம்பில். அங்கே போகச் சரக்கறையைத் தாண்ட வேண்டும்.

இடது கை கத்தியை எடுத்தது. கட்டைவிரல் குழியைத் தேடிற்று. குழி இல்லை. பிடி வழவழவென்று, புதிதாக இருந்தது. அலகை நெம்பினாள். அசையவில்லை. நகம் மடங்கியது. மறுபடி நெம்பினாள்.

“நோலாம்மா,” என்றாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

பாதை அமைதியாக இருந்தது. ஓடைப் பாலம் அமைதியாக இருந்தது.

உள்ளே பிடித்திருந்த கை விட்டது. சரக்கறைக் கதவு, தன் வழக்கப்படி, ஒரு விரல் அளவு திறந்துகொண்டது.